பெட்டியில் உண்டு, பெட்டிக்குள் இல்லை

ஒரு பெரிய ஹெட்போன் கம்பெனி போன மாதம் பத்திரிகையில் கட்டம் கட்டி மன்னிப்புக் கேட்டதே, படித்தீர்களா? மூன்றாம் பக்கம், கீழ் மூலை, வானிலை அறிக்கைக்குப் பக்கத்தில். "எங்கள் பெட்டியில் அச்சிட்டிருந்த ஒரு வசதி, பெட்டிக்குள் இருந்த ஹெட்போனில் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

அந்த வருத்தத்துக்குக் காரணம் நான்தான்.

இதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிகிறது. சட்டையில் ஒரு பொத்தான் ஏற்கெனவே தெறித்துவிட்டது. தைத்துத் தரச் சொன்னேன். "பெருமையைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, சட்டை தானா மூடிக்கும்" என்றாள் மனைவி. அவளுக்கென்ன, பேசுவாள். ஆனால் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். யார் ஜெயித்தது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் வேலை பார்ப்பது அட்டைப்பெட்டி அச்சிடும் தொழிற்சாலையில். அச்சுப் பரிசோதகர். மிஷினிலிருந்து இறங்கும் பெட்டிகளில் நூற்றுக்கு ஒன்றை உருவி, வெள்ளை விளக்கின் அடியில் பிடித்து, நிறம் சரியா, எழுத்து சரியா, மடிப்புக் கோடு நேரா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பற்பசைப் பெட்டி, மாத்திரைப் பெட்டி, பல்புப் பெட்டி எல்லாம் என் கண்ணுக்குத் தப்பிப் போனதில்லை. மற்றவர்கள் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்பார்கள். நான் பொருளை ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்ப்பவன். கல்யாணமான புதிதில் மனைவிக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டியின் மூலை ஒட்டுகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அன்றைக்கே அவள் என்னைப் புரிந்துகொண்டுவிட்டாள். நான்தான் இன்னும் அவளைப் புரிந்துகொள்ளவில்லை.

அவளுக்கு வீட்டிலேயே வேலை. டாக்டர்கள் வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதால் கேட்டு, கையால் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலைதான் ஆபீஸ். எதையோ மென்றுகொண்டே பேசும் டாக்டர், லிஃப்டில் இறங்கிக்கொண்டே பேசும் டாக்டர், தும்மலுக்கு நடுவே பேசும் டாக்டர், எல்லாரும் அவளுக்கு அத்துப்படி. பதினோரு வருடமாகக் கேட்டுக் கேட்டு, பழைய ஹெட்போனின் ஒரு காது செத்துப்போனது. ஹெட்போனின் காதுதான். அவளுடையது நன்றாகவே இருக்கிறது. நான் அடுத்த அறையில் முணுமுணுப்பது வரைக்கும் கேட்கும்.

ஆகவே ஒயர் இல்லாத புது ஹெட்போன் ஒன்று வாங்கினோம். அவளுடைய போனில், அவள் பெயரில் ஆர்டர் போட்டது. தேர்ந்தெடுத்தவன் மட்டும் நான். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்கிறீர்களா? பெட்டியைப் பார்த்துத்தான். கறுப்புப் பெட்டி, அதன் ஓரத்தில் தங்கத் தாளில் பளபளவென்று 'உயர்துல்லிய கோடெக்' என்று இரண்டு வார்த்தை. அது எங்கள் தொழிற்சாலையில் அடித்த பெட்டி. அந்தத் தங்க எழுத்து ஒரு மயிரிழைகூட நகராமல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூட மேடையில் பார்த்த மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்து, போனின் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வரி என் கண்ணில் குத்தியது. 'இப்போது ஓடுவது: சாதாரண கோடெக்.' மாற்றிப் பார்த்தேன். மாறவில்லை. உயர்துல்லியம் என்ற பெயரே அந்தப் பட்டியலில் இல்லை.

"மோசடி!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க. ஹெட்போன் போட்டிருக்கீங்க. உங்களுக்குத்தான் கேக்காது, தெருவுக்கே கேக்குது."

"கோடெக் இல்லை!"

"என்ன டெக்?"

"கோடெக். பெட்டியில இருக்குன்னு போட்டிருக்கான். உள்ளே இல்லை."

"அது இல்லாட்டி என்ன ஆகும்?"

"உனக்கு எப்படிச் சொல்றது... இப்ப போன்ல ஒரு பாட்டு இருக்கு. அது காத்து வழியா ஹெட்போனுக்குப் போகணும். அப்படியே அனுப்பினா இடம் கொள்ளாது. அதனால மடிச்சு அனுப்பும். இந்தப் பக்கம் ஹெட்போன் அதைப் பிரிச்சு விரிக்கும். எப்படி மடிக்கறது, எப்படிப் பிரிக்கறதுங்கற முறைக்குப் பேர்தான் கோடெக். நல்ல கோடெக்னா நீ துணி மடிக்கிற மாதிரி. ஒரு கசங்கல் இருக்காது."

"சாதாரண கோடெக்?"

"அது வந்து..."

"நீங்க மடிக்கிற மாதிரி. சரி, புரிஞ்சுது. டாக்டர் தும்மறது எனக்குக் கசங்காம வந்து என்ன ஆகப் போகுது? விடுங்க."

"விடறதா? அந்தப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்!"

இங்கேதான் நான் வீரனானேன். எழுந்து நின்றேன். மடித்து வைத்திருந்த துணி அடுக்கு ஒன்று சரிந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. "எவன் பெட்டியில் என்ன எழுதினாலும் உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு நானும் பொறுப்பு. இந்தக் கம்பெனியை நான் பதில் சொல்ல வைக்காமல் விடமாட்டேன்" என்று சபதம் செய்தேன். இலக்கணத் தமிழில்தான் செய்தேன். சபதத்தைப் பேச்சுத் தமிழில் செய்தால் எடுபடாது.

"முதல்ல அந்தத் துணியைத் திரும்ப மடிங்க" என்றாள்.

மடித்தேன். சாதாரண கோடெக்தான்.

மறுநாள் நேராக முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் மேசைமேல் எப்போதும் நாலைந்து பெட்டி மாதிரிகள் தட்டையாகக் கிடக்கும். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எழுத்துப்பிழை பார்க்கத்தான் உங்களை வேலைக்கு வச்சிருக்கேன். உண்மைப்பிழை பார்க்க இல்லை."

"சார், உள்ளே இல்லாததை வெளியே போட்டிருக்காங்க."

"பல்புப் பெட்டியில சூரியன் படம் போட்டோமே. உள்ளே சூரியன் இருந்துச்சா?"

"சார், அது வேற..."

"அவங்க நம்ம பெரிய வாடிக்கை. இந்தப் பேச்சு இந்த அறையை விட்டு வெளியே போச்சுன்னா, கூடவே நீங்களும் போயிடுவீங்க."

பேச்சை உள்ளேயே விட்டுவிட்டு நான் மட்டும் வெளியே வந்தேன். வாசலில் பெட்டி ஒட்டும் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் என் நண்பன் நின்றுகொண்டிருந்தான். தொழிற்சாலையில் அவனைக் கோந்து என்றுதான் கூப்பிடுவோம். தொழிலாலும் கோந்து, குணத்தாலும் கோந்து. பிடித்தால் விடமாட்டான். "என்ன முகம் இப்படி இருக்கு?" என்று ஒட்டிக்கொண்டான். அவனிடம் மட்டும் சொன்னேன்.

"பில்லு யார் பேர்ல?" என்றான்.

"வீட்டுக்காரம்மா பேர்ல."

"அப்புறம் என்ன? புகாரும் அவங்க பேர்ல போகட்டும். உன் பேர் எங்கேயும் வராது. வேலையும் போகாது."

எனக்கு உலகமே வெளிச்சமானது. எழுதுவது நான், கையெழுத்து அவள். போர் என்னுடையது, பெயர் அவளுடையது. இப்படி ஒரு தந்திரம் எந்தக் கணவனுக்கும் தோன்றியிருக்காது. அது ஏன் தோன்றியிருக்காது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் கடிதம் போட்டோம். கம்பெனியிலிருந்து பதில் வந்தது. 'அன்புள்ள அம்மையீர், உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். ஹெட்போனை அணைத்துவிட்டு மீண்டும் போடவும்.'

இரண்டாவது கடிதம். 'அன்புள்ள அம்மையீர், போனை அணைத்துவிட்டு மீண்டும் போடவும்.'

மூன்றாவது கடிதம். 'அன்புள்ள அம்மையீர், இரண்டையும் அணைத்துவிட்டு மீண்டும் போடவும்.'

"அடுத்து வீட்டுக்காரரை அணைங்கன்னு எழுதுவாங்க" என்றாள் மனைவி. "அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. இன்னும் ஒரு பல் டாக்டர் பாக்கி இருக்கார்."

"இனிமே கடிதம் கிடையாது. நேரா நுகர்வோர் ஆணையம்" என்றேன். விடுப்பு எடுத்து உட்கார்ந்து, முழு மூச்சாகப் புகார் மனு எழுதினேன். நாற்பத்தோரு பக்கம். ஓர் எழுத்துப்பிழை கிடையாது. ஓரங்கள் நாலு பக்கமும் சமம். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்து, பேனா மூடியைக் கழற்றி, அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் பேனாவை வாங்கவில்லை.

"சமையலறைக் குழாய் சொட்டுது" என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் பாக்கி இருக்கு. அது எட்டு மாசமா."

"முதல்ல கையெழுத்து."

"முதல்ல குழாய்."

குழாயைக் கழற்றினேன். அது என்னை நனைத்தது. நான் அதைத் திட்டினேன். மாலைக்குள் சொட்டு நின்றது. அவள் கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து. வெற்றி என்று நினைத்தேன்.

ஆணையத்தின் எழுத்தர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உறுதிமொழிப் பத்திரம் எங்கே?" என்றார். அதற்கு இன்னொரு கையெழுத்து வேண்டுமாம். வீட்டுக்கு வந்தேன்.

"என் தம்பிக்குப் போன் பண்ணுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மன்னிப்புக் கேக்க."

இதற்குக் கொஞ்சம் முன்கதை தேவை. என் மைத்துனனின் கல்யாணப் பத்திரிகையில் 'திருமணம்' என்பதைத் 'திருமனம்' என்று அடித்துவிட்டார்கள். அதை நான் மேடையில், மைக் கையில் இருக்கும்போது சுட்டிக்காட்டிவிட்டேன். நாலு வருடமாகப் பேச்சில்லை.

"பிழையைப் பிழைன்னு சொன்னது தப்பா?"

"பொண்ணோட அப்பா அச்சடிச்சது. அவர் முன்னாடியே சொன்னது தப்பு. போன் இந்தாங்க. நான் கேட்டுக்கிட்டிருப்பேன்."

போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் பெரிய மனதோடு மன்னித்தான். ஐம்பது நிமிடம் மன்னித்தான். காது சூடாகிவிட்டது. ஆனால் கடைசியில் "மாமா, வீட்டுக்கு வாங்க" என்றபோது எனக்கே அவன்மேல் பாசம் வந்துவிட்டது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவளிடம் மறைத்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவதாக, ஆவணப் பட்டியலுக்கு ஒரு கையெழுத்து. அவள் விரல் நேராகப் பரணைக் காட்டியது. பரணில் இருப்பது என் வாழ்க்கைச் சேமிப்பு. இருபது வருடமாக நான் சேர்த்து வைத்த காலிப் பெட்டிகள்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"முதல்முதல்ல நான் கையெழுத்துப் போட்ட சோப்புப் பெட்டி?"

"அதை மட்டும் வச்சுக்குங்க. உள்ளே ஊசி நூல் போட்டுக்கறேன்."

ஒரு கம்பெனியைக் கூண்டில் ஏற்ற ஒருவன் கிளம்பினால் முதலில் அவனேதான் ஏணியில் ஏற வேண்டியிருக்கிறது. ஏறினேன். தும்மித் தும்மி இறக்கினேன். பழைய பேப்பர்காரர் இரண்டு நடை வந்தார்.

விசாரணை நாள் வந்தது. நான் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டேன். கையில் நாற்பத்தோரு பக்கமும், அதைச் சுருக்கிய இருபத்தாறு பக்கப் பேச்சும். ஆணையத்தின் கூடத்தில் இரும்பு பெஞ்சுகள். சுவரில் 'அமைதி' என்று எழுதிய பலகை, கொஞ்சம் சாய்வாக. எனக்குக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். மேடையில் ஆணையத் தலைவர், வெள்ளை முடியும் கண்ணாடியும் கூர்மையான பார்வையுமாக ஓர் அம்மையார். எதிர்ப்பக்கம் கம்பெனியின் வக்கீல். அவருக்குப் பக்கத்தில் கம்பெனியின் என்ஜினியர், மடியில் ஒரு பையோடு, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

"புகார்தாரர்?" என்றார் தலைவர்.

நான் எழுந்தேன்.

"நீங்கதான் புகார்தாரரா?"

"புகார்தாரரின் கணவன்."

"உட்காருங்க. அம்மா பேசட்டும்."

இருபத்தாறு பக்கத்தை அவள் கையில் திணித்தேன். அவள் அதை பெஞ்சில் வைத்து, அதன்மேல் கைப்பையை வைத்தாள்.

"பெட்டியில இருக்குன்னு போட்டிருக்கும்மா. பெட்டிக்குள்ள இல்லை. அவ்வளவுதான்" என்றாள்.

நாற்பத்தோரு பக்கமும் அவ்வளவுதான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வக்கீல் எழுந்தார். "அது அச்சகத்தின் தவறு. நாங்கள் அந்த இரண்டு வார்த்தையைப் போடச் சொல்லவில்லை. அச்சிட்டவர்கள் கவனக்குறைவாக..."

"பொய்!" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். என் கையெழுத்தில் போன பெட்டி! கவனக்குறைவாம்! அடுத்த வார்த்தை வந்திருந்தால் என் வேலை அங்கேயே போயிருக்கும். ஆனால் அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். என் வாய் மூடிக்கொண்டது. பெஞ்சும் தானாக எனக்குக் கீழே வந்து சேர்ந்தது.

அவள் ஒரே ஒரு தாளை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தாள். "இவங்க விளம்பரத்துல ஒருத்தர் பேசறார்மா. கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு பண்ணியிருக்கேன். அதுதான் என் தொழில். பன்னிரண்டாவது நொடியில 'உயர்துல்லிய கோடெக்'னு சொல்றார். பத்தொன்பதாவது நொடியில திரும்பவும் சொல்றார். அச்சகம் தப்பா அடிச்சா, இவரும் தப்பா பேசுவாரா?"

கூடத்தில் சிரிப்பு. தலைவர் கண்ணாடிக்கு மேலாக வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கோடெக் போனாலும் கோட் இருந்ததே அவருக்கு.

"சரி, ஒப்புக்கொள்கிறோம். இந்த மாடலில் அது இல்லை. எங்களுடைய உயர்ந்த மாடலில் மட்டும்தான் உண்டு. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரண மனிதக் காதுக்குத் தெரியாது. தெரியாத ஒன்று இல்லாமல் போனால் என்ன நஷ்டம்?"

"தெரியாத ஒண்ணை ஏன் தங்க எழுத்துல போட்டீங்க?"

மறுபடியும் சிரிப்பு. வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த அம்மாவுக்கு வித்தியாசம் தெரிகிறதா? இங்கேயே சோதனை செய்யலாம். இரண்டு மாடலும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கள் என்ஜினியர் மாற்றி மாற்றிக் கொடுப்பார். பத்து தடவை. சரியாகச் சொல்லட்டும் பார்க்கலாம்!"

உங்களிடம் மட்டும் ஓர் உண்மையைச் சொல்கிறேன். கோந்து எங்கிருந்தோ அந்த உயர்ந்த மாடலை இரவல் வாங்கித் தந்திருந்தான். வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, மாற்றி மாற்றிப் பத்து நாள் கேட்டேன். இரண்டிலும் ஒரே பாட்டுத்தான் கேட்டது. வித்தியாசம் இருக்கிறது என்று நாற்பத்தோரு பக்கம் எழுதியவனுக்கு, ஒரு துளி வித்தியாசம்கூடத் தெரியவில்லை. இதை அவளிடம் சொல்லவே இல்லை. இப்போது அவள் தோற்றால், அறுபடுவது என் மூக்கு.

"வேணாம்னு சொல்லு" என்று வாயசைத்தேன்.

"சரிங்கம்மா, செய்யலாம்" என்றாள் தலைவரிடம்.

கூடத்துக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். என்ஜினியர் எதிரே நின்றார். அவர் பையை மேசைக்குக் கீழே வைத்து, எதை எடுக்கிறார் என்று அவளுக்குத் தெரியாமல் எடுத்து, அவள் கையில் கொடுத்தார். எது எது என்று அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். சங்கீதம் கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் கண்ணை அகலத் திறந்துகொண்டு, இமை கொட்டாமல் கேட்டாள்.

"இது பொய்" என்றாள் முதலில்.

அடுத்தது. "இது நிஜம்."

அடுத்தது. "நிஜம்."

"பொய்." "பொய்." "நிஜம்."

என்ஜினியரின் கைக்குட்டை நனைந்துவிட்டது. பத்தும் முடிந்ததும் தலைவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பத்தும் சரி" என்றார்.

நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று கைதட்டினேன். ஆமாம், பெஞ்சின்மேல்தான். ஊழியர் வந்து இறக்கிவிட்டார். அந்த நிமிடத்தில் எனக்குக் கம்பெனியும் ஞாபகமில்லை, கோடெக்கும் ஞாபகமில்லை. நடுக் கூடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்பிள்ளை என் மனைவி. அது ஒன்றுதான் ஞாபகமிருந்தது. பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இப்படி ஒரு காதை நான் கவனிக்கவே இல்லையே என்று கண் கலங்கியது. தங்க எழுத்தில் பொறிக்க வேண்டிய காது!

தீர்ப்பு அன்றைக்கே. பெட்டியிலிருந்து அந்த இரண்டு வார்த்தையை நீக்க வேண்டும். பத்திரிகையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தப் பெட்டியை நம்பி வாங்கிய ஒவ்வொருவருக்கும், கேட்டால், உயர்ந்த மாடலையே மாற்றித் தர வேண்டும்.

வாசலில் நிருபர் ஒருவர் அவளைப் படம் எடுத்தார். மறுநாள் பத்திரிகையில் வந்தது. படத்தில் அவள் முழுதாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் காதும், முக்கால் தோளும் தெரிந்தன. அவை என்னுடையவை. செய்தியில் என்னைப் பற்றி, 'கணவரும் உடன் வந்திருந்தார்' என்று மூன்று வார்த்தை. அந்த மூன்று வார்த்தையை நான் இன்னும் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

வேலைக்குப் போனால், முதலாளி கூப்பிடுகிறார் என்றார்கள். போனேன். மேசைமேல் பத்திரிகை விரிந்து கிடந்தது. என் காதின்மேல் சிவப்பு மையில் வட்டம்.

"இது உங்க காதுதானே?"

அந்தக் காதைக் கையால் மறைத்துக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

"உட்காருங்க. அவங்க வக்கீல் நம்ம அச்சகத்து மேல பழியைப் போடப் பார்த்தாராமே. உங்க வீட்டுக்காரம்மா இல்லாட்டி நம்ம பேர் நாறியிருக்கும். இப்ப என்னடான்னா, ரெண்டு கம்பெனிக்காரங்க போன் பண்ணி, 'எங்க பெட்டியிலயும் ஏதாவது இசகுபிசகா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க'ன்னு கெஞ்சறாங்க. அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன். இனிமே பெட்டியில யார் எதை அடிக்கச் சொன்னாலும், 'இது உள்ளே இருக்கா, காட்டு'ன்னு கேக்க ஒரு ஆள் வேணும். தனிப் பதவி. தனி மேசை."

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். பொத்தான் தெறித்தது அப்போதுதான்.

"எப்ப சார் நான்..."

"திங்கட்கிழமை. அவங்களை வரச் சொல்லுங்க."

"எவங்களை?"

"உங்க வீட்டுக்காரம்மாவை. நீங்க வழக்கம்போல எழுத்தைப் பாருங்க. விஷயத்தை அவங்க பாக்கட்டும். பொய்ப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினது நீங்கதானே?"

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது ஒரு திட்டம் போட்டேன். வீட்டில் என்னை அவள் கேள்வி கேட்பது போதாதா? தொழிற்சாலையிலும் வேண்டுமா? சொல்லவே கூடாது. முதலாளியிடம், 'அவளுக்கு டாக்டர்கள் வேலை நிறைய இருக்கிறது சார்' என்று சொல்லிவிடலாம். காது எவ்வளவு கூர்மையாக இருந்தால்தான் என்ன? நான் பேசினால்தானே அது கேட்கும்? பேசாமல் இருந்துவிட்டால் எந்தக் காதுக்கும் எதுவும் கேட்காது. என் புத்தியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"இன்னைக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லை."

அவள் தட்டச்சை நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். இமை கொட்டாமல்.

"நல்ல விஷயமா, கெட்ட விஷயமா?"

"விஷயமே இல்லைங்கறேன்."

"நல்ல விஷயம். ஆனா உங்களுக்கு இல்லை."

"உளறாதே."

"எனக்கு."

நான் குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கச் சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

"முதலாளி கூப்பிட்டாரா? கூப்பிட்டார். திட்டினாரா? இல்லை. என்னைப் பத்திப் பேசினாரா? ம்ம்... வேலையா?"

"நான் வாயையே திறக்கலை!"

"எப்ப சேரணும்?"

"திங்கட்கிழமை" என்றது என் வாய்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "நான் ஒரு சத்தமும் போடலையே. உன் காதுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"காது எங்கே வந்துச்சு இதுல?"

"அன்னைக்குப் பத்துக்குப் பத்து கேட்டியே, அந்தக் காது!"

அவள் சிரித்தாள். கல்யாணத்தன்றைக்கு அப்படிச் சிரித்தாள், அதற்கப்புறம் அன்றைக்குத்தான். "பாட்டை யாருங்க கேட்டா? ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்துச்சு. அந்த என்ஜினியரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். பாவம், நல்ல மனுஷன். நிஜத்தைக் கொடுக்கறப்ப என்னை நேராப் பார்த்தார். பொய்யைக் கொடுக்கறப்ப குனிஞ்சு அவர் ஷூவைப் பார்த்தார். பதினாறு வருஷமா இதே வேலைதானே எனக்கு இந்த வீட்டுல."

"முதலாளி..." என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "மேசையை எங்கே போடணும்னு உன்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னார்."

"உங்களுக்கு நேர் எதிர்ல" என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து நான் நாள் முழுவதும் என் ஷூவைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.